சுவரில் இல்லாத எழுத்துகள்

ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலை. பள்ளிக்கூட வராந்தாவில் கண் சோதனை நடந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பு அடித்த சுவரில் ஓர் ஆணி, ஆணியில் சார்ட். மேலே பெரிதாக ஓர் எழுத்து, கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் வரிகள். ஆறு மீட்டர் தள்ளி நான் சாக்பீஸால் இழுத்த கோட்டில் நான்காம் வகுப்பு மாரீஸ்வரி நின்றாள். வலது கண்ணைக் கறுப்பு அட்டையால் மறைத்திருந்தாள்.

"ட," என்றாள். "ப, ம."

காற்று ஒரு தடவை வேகமாக வந்தது. சார்ட் ஆணியை விட்டு நழுவி, தண்ணீர் டிரம் பக்கத்தில் குப்புற விழுந்தது.

மாரீஸ்வரி நிறுத்தவில்லை. "க, ய, வ. ல, ட, ப, ந." வெறும் சுவரைப் பார்த்து வாசித்துக்கொண்டே போனாள்.

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தாள் போலிருக்கிறது. முகம் சுண்டிப்போனது. மறுபடியும் முதலிலிருந்து, இன்னும் சத்தமாக, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சுவரில் அப்போது ஆணி மட்டும்தான் இருந்தது.

நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளின் பார்வையைச் சோதிப்பது என் வேலையில் ஒரு பாதி. பிள்ளைகளின் தில்லுமுல்லு எல்லாம் எனக்கு அத்துப்படி என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. விரல் இடுக்கு வழியாகப் பார்ப்பார்கள் என்றுதான் உள்ளங்கையை நம்பாமல் அட்டை கொடுக்கிறேன். பக்கத்துப் பிள்ளை உதட்டை அசைத்துச் சொல்லிக்கொடுப்பதும் தெரியும். இல்லாத எழுத்தை வாசித்த பிள்ளையை அன்றுதான் பார்த்தேன்.

கிட்டத்தில் கூப்பிட்டேன். அட்டையை எடுக்காமலே நிற்கச் சொல்லி, நாலு எட்டு தள்ளி நின்று மூன்று விரலைக் காட்டினேன். "எத்தனை?"

"அஞ்சு."

இரண்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நாலா மேடம்?" என்றாள்.

"பிறகு சார்ட்டை எப்படித்தா வாசிச்ச?"

அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "மனப்பாடம் மேடம். கடைசி வரி வரைக்கும் ஒப்பிப்பேன். வேணும்னா பின்னாடி இருந்து சொல்லட்டா?" என்றாள், பெருமையாக.

அட்டை போட்ட நோட்டுகள்

ஊர் எம். புதுப்பட்டிக்கு அந்தப் பக்கம். பெயர் வேண்டாம். பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் பட்டாசுக் கம்பெனி வேனில் போகிறவர்கள். மீதியில் சிலர் சிவகாசியில் அச்சாபீஸ் பைண்டிங் வேலைக்குப் போகிறவர்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் காசு கொடுத்துப் பழுப்பு அட்டை வாங்கி நோட்டுக்குப் போட்டதே இல்லை. எதற்கு வாங்க வேண்டும்? அச்சாபீஸ் வேஸ்ட் ஷீட் வீட்டுக்கு வீடு கிடக்கும். நான் படித்த காலத்தில் என் கணக்கு நோட்டுக்கு முருகன் காலண்டர். கலர் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல், முருகனுக்கு இரண்டு மூக்கு. பக்கத்தில் உட்கார்ந்தவளின் சரித்திர நோட்டில் வரிசையாகத் தீப்பெட்டி லேபிள். வாத்தியார் திருத்திய நோட்டைக் கொடுக்கும்போது, "ரெண்டு மூக்கு முருகன் யாரு?" என்பார், நான் எழுந்து போவேன். இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். இத்தனை வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்றைக்குத் தலைமையாசிரியர் செல்வராஜ் சாரிடம் போய், "இந்தப் பிள்ளைக்குச் சார்ட் எப்படி சார் மனப்பாடம்?" என்று கேட்டேன்.

அவர் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. அதுதான் எனக்கு முதலில் எரிச்சல். "இவளுக்கு மட்டுமில்ல மேடம். எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்," என்று சொல்லி, முதல் பெஞ்சில் இருந்த நோட்டுக் கட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

பார்த்தால், அத்தனை நோட்டுக்கும் கண் சோதனைச் சார்ட்தான் அட்டை.

நாங்கள் பள்ளிக்கூடங்களில் மாட்டுகிற சார்ட்டும் எங்கள் ஊர் அச்சாபீஸில் அடித்ததுதான். வேறெங்கே அடிப்பார்கள்? அந்த ஆர்டரில் கழிந்த தாள்கள் கட்டுக்கட்டாக பைண்டிங் பெண்கள் கையோடு ஊருக்கு வந்திருக்கின்றன. நல்ல வழவழப்பான தாள், மழைக்குத் தாங்கும். வழக்கமாக அச்சுப் பக்கத்தை உள்ளே வைத்து, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரிதான் அட்டை போடுவார்கள். செல்வராஜ் சார் பார்த்திருக்கிறார்: எழுத்தாக இருக்கிறதே, சின்னப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும் என்று, அச்சுப் பக்கத்தை வெளியே வைத்துப் போடச் சொல்லிவிட்டார். பெரிய எழுத்துகள் மடிப்புக்குள் போய்விட, கீழே உள்ள பொடி வரிகள் அட்டையின் முகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. எங்களுக்கு முக்கியம் அந்த வரிகள்தான்.

அதோடு விட்டாரா? முழுத் தாள் ஒன்றை வகுப்பிலேயே ஒட்டி, நாங்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்து, வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கிற மாதிரி தினமும் ஒப்பிக்க வைத்திருக்கிறார்.

"எதுக்கு சார்?" என்றேன்.

"என்ன மேடம் இப்படிக் கேக்கீக? மொத வருசம் ஒரு பையனுக்குக் குறைன்னு எழுதிட்டுப் போனீக. அவன எல்லாரும் குருடன், குருடன்னு கூப்பிட்டு, அவுக அப்பா பள்ளிக்கூடத்த மாத்திட்டாரு. அதுக்கப்புறம் நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளகூட இதுல ஃபெயிலாகக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். மூணு வருசமா நூத்துக்கு நூறு மேடம்."

பிள்ளைகள் முன்னால் ஒரு வாத்தியாரிடம் சத்தம் போடக் கூடாது. போட்டேன். "இது பரீட்சையா சார்? ஃபெயிலாக வேண்டிய பிள்ளை ஃபெயிலாகணும் சார். அதுக்குத்தானே நான் வர்றேன்?" என்று நான் கத்தியது சத்துணவுக் கூடம் வரைக்கும் கேட்டது. அவர் கையில் இருந்த நோட்டை மெல்லக் கீழே வைத்தார். மாரீஸ்வரி தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று நினைத்து அழ ஆரம்பித்தாள்.

என் கையெழுத்து

வாத்தியாரைத் திட்டிவிட்டேன். அது சுலபம். ஜீப்பில் வந்து உட்கார்ந்து பழைய பதிவேட்டைப் புரட்டினேன்.

ஒன்றாம் வகுப்பு, மாரீஸ்வரி: வலது ஆறுக்கு ஆறு, இடது ஆறுக்கு ஆறு; அதாவது முழுப் பார்வை. இரண்டாம் வகுப்பு, அதேதான். மூன்றாம் வகுப்பும் அதேதான். மூன்று வருஷமும் என் கையெழுத்து. அதுவும் எவ்வளவு திருத்தமான கையெழுத்து.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: வரியை முன்னாலிருந்து கேட்காதே. நடுவில் ஓர் எழுத்தைக் குச்சியால் தொட்டுக் கேள். பின்னாலிருந்து கேள். ஒரு கண்ணுக்கு ஒரு சார்ட், அடுத்த கண்ணுக்கு வேறு சார்ட். எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் ஒரு காலைக்கு இரண்டு பள்ளிக்கூடம், மத்தியானத்துக்குள் ஜீப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும், சாயங்காலம் எத்தனை பிள்ளை பார்த்தாய் என்று கேட்பார்கள். எப்படிப் பார்த்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. பிள்ளை கடகடவென்று சொன்னால் எனக்கு நிம்மதி, அடுத்த பிள்ளை. கடகடவென்று சொன்னதால்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை பொடி எழுத்தைப் பார்த்து வாசித்தால் திக்கும், தயங்கும். ஒப்பிக்கிற பிள்ளைதான் தயங்காது.

இதில் கொடுமை, மாரீஸ்வரி கண்ணைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. மாறுகண் கிடையாது, பூ விழவில்லை, சிவக்கவில்லை. வலது கண் அருமையான கண். இடது கண்ணில் பிறவியிலேயே பவர் கூடுதல், அதனால் அதில் விழுகிற உருவம் எல்லாம் கலங்கல். ஒரு கண் தெளிவாகவும் ஒரு கண் கலங்கலாகவும் சேதி அனுப்பினால், மூளை தெளிவானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். நாளாக நாளாக அந்தக் கண்ணைப் பார்க்கவே பழக்காது. சோம்பல் கண் என்று சொல்கிறோம். எனக்கு அந்தப் பெயரே பிடிக்காது. சோம்பல் யாருக்கு? அந்தக் கண்ணுக்கா?

பிள்ளைக்கு ஐந்து ஆறு வயதில் கண்டுபிடித்தால், கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மூடி, கலங்கல் கண்ணைப் பார்க்கப் பழக்கிவிடலாம். பெரும்பாலும் திரும்பி வரும். வயது ஏற ஏறக் கதவு சாத்திக்கொண்டே வரும். மாரீஸ்வரிக்கு அப்போது ஒன்பது. கதவு திறந்திருந்த மூன்று வருஷமும் நான் வாசலில் நின்று எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறேன்.

பார்வை இல்லாமல் வளர்வது என்ன என்று எனக்குத் தெரியாமலும் இல்லை. பத்தாம் வகுப்பு வரை எனக்குக் கிட்டப் பார்வை என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. சாத்தூர் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு வருகிற பஸ்ஸையெல்லாம் எங்கே போகிறது என்று கேட்பேன். ஒரு கண்டக்டர், "போர்டு அம்புட்டுப் பெருசா எழுதியிருக்கு, படிக்கத் தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். வகுப்பில் முதல் மார்க் எடுக்கிறவள் நான். ஏறி உட்கார்ந்தேன். அந்த அவமானத்தில்தான் இந்த வேலைக்கே வந்தேன் என்று பேட்டி கொடுக்கிற மாதிரிச் சொல்லிக்கொள்வேன். அப்படி வந்தவள் செய்த வேலை இது.

சாமி படத்துக்குப் பின்னால்

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர், வாரா வாரம் ஏன் இவ்வளவு கோபம், பதமாக எழுதலாமே என்று கேட்டிருக்கிறார். ஐயா, பதமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று.

இலவசமாகக் கண்ணாடி கொடுப்போம். மூன்று மாதம் கழித்துப் போனால் பிள்ளை முகத்தில் கண்ணாடி இருக்காது. எங்கே என்று கேட்டால், "பத்திரமா வச்சிருக்கோம் மேடம்" என்பார்கள். சாமி படத்துக்குப் பின்னால், மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். உடைந்துவிடும் என்று போடுவதில்லையாம். பெண் பிள்ளையாக இருந்தால் இன்னொரு காரணம்: கண்ணாடி போட்ட பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள்? எட்டு வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கிற கவலை. அந்தப் பிள்ளை கரும்பலகையைப் பார்க்க வேண்டும் என்கிற கவலை இல்லை.

தீபாவளி முடிந்த மறுநாள் எங்கள் நிலையத்துக்கு வந்து பாருங்கள். ஊருக்கெல்லாம் வெடி செய்து அனுப்புகிற வீட்டுப் பிள்ளைகள், தெருவில் வெடிக்காமல் கிடந்ததைப் பொறுக்கிப் பிரித்து மருந்தைக் கொட்டிக் கொளுத்தியிருக்கும். கண் வெந்து வரும். நேரே எங்களிடம் வராது. அதற்கு முன்னால் தாய்ப்பால் விட்டிருப்பார்கள், விளக்கெண்ணெய் விட்டிருப்பார்கள், யாரோ சொன்ன இலைச் சாற்றைப் பிழிந்திருப்பார்கள். சுத்தமான தண்ணீரில் கண்ணைக் கழுவிக் கழுவி, எதையும் விடாமல், கசக்காமல் தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள் என்று எத்தனை ஊரில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். தலையாட்டுவார்கள். அடுத்த தீபாவளிக்கும் அதே விளக்கெண்ணெய்.

இப்படி ஊரை எல்லாம் குற்றம் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான் நான். மாரீஸ்வரி வீட்டுக்குப் போகும்போதும் அதே நினைப்பில்தான் போனேன். ஒன்பது வருஷமாக ஒரு தாய்க்குத் தன் பிள்ளையின் கண் தெரியவில்லையா, நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று.

கண்மலர்

கம்பெனி வேன் வந்து நின்றது. மாரீஸ்வரியின் அம்மா பொன்னுத்தாய் இறங்கி வந்தாள். கையும் முழங்கையும் பட்டாசுக்குச் சேர்க்கிற வெள்ளிப் பவுடர் ஒட்டிப் பளபளவென்றிருந்தன. என்னைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வாங்க டாக்டரம்மா, உள்ள வந்து உக்காருங்க, காப்பி போடுறேன்," என்றாள். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த ஊரில் நான் டாக்டரம்மாதான்.

உட்காரவில்லை. "உன் பிள்ளைக்கு இடது கண்ணில் பார்வை இல்லை. இத்தனை வருஷம் நீ கவனிக்கவே இல்லையா?" என்று நின்றபடியே கேட்டேன்.

 பொன்னுத்தாய் உள்ளே போய், ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தாள். அதிலிருந்து ஒரு சின்னச் சீட்டை உருவி என் கையில் கொடுத்தாள்.

"நாலு வயசுலயே எனக்குச் சந்தேகம் டாக்டரம்மா. எதப் பாத்தாலும் தலயச் சாச்சுத்தான் பாப்பா. ஒருநா வெளாட்டுக்கு ஒத்தக் கண்ணப் பொத்திவிட்டேன், வாசப்படி கூடத் தட்டுப்படாம முட்டிக்கிட்டா. எனக்கு ஈரக்கொலயே நடுங்கிப் போச்சு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்னு சொன்னேன். இவுக அப்பா, இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்துக்க, பள்ளிக்கூடத்துல கண்ணுக்குப் பாக்க வருவாக, அப்பப் பாத்துக்கிடலாம்னாக. ஒண்ணாப்பு சேத்தோம். நீங்க வந்தீக. பாத்தீக. ரெண்டு கண்ணும் நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தீக."

சீட்டில் என் கையெழுத்து இருந்தது.

"நான்தான் கிறுக்கச்சி, இல்லாத சீக்க நெனச்சுப் பயந்திட்டேன்னு அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. ஆத்தா கண்ணத் தொறந்துட்டான்னு வெள்ளியில கண்மலர் வாங்கி, ஆடி கடைசி வெள்ளிக்குக் கொண்டுபோய்ச் செலுத்திட்டு வந்தோம். அதுக்குப் பெறகும் தலயச் சாச்சுத்தான் பாத்தா. டாக்டரம்மாவே சொல்லிட்டாக, இது வெறும் பழக்கம்னு அடிச்சேன் டாக்டரம்மா. நேராப் பாருட்டீன்னு சொல்லி அடிச்சேன்."

அடித்தேன் என்று சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. பவுடர்க் கையால் கண்ணைத் துடைக்கப் போனாள். "கையைக் கழுவு, கழுவு" என்று பதறினேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் சொல்ல வந்தது.

 அந்தத் தாய்க்குப் பார்வை சரியாகத்தான் இருந்திருக்கிறது. நான்தான் குருடி. என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம் போலிருந்தது. கிழிக்கவில்லை. கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

ஒட்டு

மதுரைக்கு நானே கூட்டிப்போனேன். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமேம்மா" என்றார். பொன்னுத்தாய் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வயது தாண்டிவிட்டது, ஆனாலும் முயன்று பார்க்கலாம் என்றார்கள். கண்ணாடி கொடுத்தார்கள். நல்ல கண்ணில் தினமும் பல மணி நேரம் ஒட்டு. யோசித்துப் பாருங்கள்: தெளிவாகத் தெரிகிற கண்ணை மூடிவிட்டு, ஒன்றும் தெரியாத கண்ணோடு ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது. சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். மணி மணியாக எழுதிய கையெழுத்து கோணிப்போனது. "நல்லாத் தெரியிற கண்ணக் கட்டி வைக்கிறது என்ன வைத்தியம்?" என்று அவள் அப்பா ஒட்டை இரண்டு தடவை பிய்த்துப் போட்டார்.

வேன் விடிந்ததும் வந்துவிடும் என்பதால், காலையில் ஒட்டுப் போட வீட்டில் ஆள் இல்லை. செல்வராஜ் சார் போட்டார். ஒரு வருஷத்துக்கு மேல், பிரேயர் முடிந்ததும், அவர் கையாலேயே ஒட்டிவிட்டு, மாரீஸ்வரியைத் தன் மேஜை பக்கத்தில் உட்கார வைத்து, கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்துப் படிக்க வைத்தார். கேலி செய்த பிள்ளைகளை அதட்டினார். நோட்டு அட்டைகளை எல்லாம் அவரே கழற்றி எரித்தார். இத்தனைக்கும் பிறகும் நான் அவரை மன்னிக்கவில்லை. அவரும் என்னை மன்னித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அந்த வருஷத்திலிருந்து எந்தப் பள்ளிக்கூடத்திலும் சோதனைக்கு முன்னால் பிள்ளைகளிடம் ஒன்று சொல்கிறேன். "இது பரீட்சை இல்லை. மங்கலா இருந்தா மங்கலா இருக்குன்னு சொல்லணும். அப்படிச் சொல்ற பிள்ளைதான் நல்ல பிள்ளை." மாரீஸ்வரியிடம்தான் முதலில் சொன்னேன், மதுரையிலிருந்து திரும்புகிற பஸ்ஸில்.

உங்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டுச் சுவரில் எங்கள் ஊரில் அடித்த காலண்டர் ஒன்று தொங்கும். இன்றைக்கே பிள்ளையைத் தள்ளி நிறுத்தி, ஒரு கண்ணை மூடி, தேதிகளைக் கேளுங்கள். பிறகு மற்ற கண்ணை. வரிசையாகக் கேட்காதீர்கள், ஒன்று இரண்டு மூன்று என்று எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டுக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் போங்கள். என்னைப் போல ஒருத்தி எழுதிக் கொடுத்த சீட்டு வீட்டில் இருந்தாலும் போங்கள்.

ஒட்டுப் போட்டதில், விரல் எண்ண முடியாத கண் சார்ட்டின் முதல் எழுத்தைப் பார்க்கிற அளவுக்கு வந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

இந்த ஆடியில்

இந்த வருஷமும் ஆடிக் காற்று அப்படித்தான் அடித்தது. நிலையத்தில் மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு, பத்தொன்பது இருபது வயதில் நெடுநெடுவென்று ஒரு பெண் வந்து நின்றாள். தலையை லேசாகச் சாய்த்துப் பார்த்ததில் அடையாளம் தெரிந்துவிட்டது.

"நல்லா இருக்கீகளா மேடம்?" என்றாள் மாரீஸ்வரி. பெண் போலீஸ் தேர்வு எழுதிப் பாஸாகியிருக்கிறாள். ஓட்டத்திலும் பாஸ். மெடிக்கல் மட்டும் பாக்கி. "அதுக்கு முந்தி உங்ககிட்ட ஒருக்கப் பாத்துக்கிடலாம்னு வந்தேன்."

ஒரு கண்ணால் படித்து, ஒரு கண்ணால் ஓடி, அத்தனையும் தாண்டி வந்திருக்கிறாள். அதற்கென்று ஒரு பார்வை அளவு வைத்திருக்கிறார்கள். அவளுக்கும் அது தெரியும்.

சுவரில் தொங்கியது அதே சார்ட். இன்னும் அதே வரிசையில்தான் அடித்து அனுப்புகிறார்கள். "வேற சார்ட் எடுக்கட்டுமா?" என்றேன்.

"இதே இருக்கட்டும் மேடம்."

கோட்டில் போய் நின்றாள். வலது கண்ணை மூடினாள். நான் குச்சியைக் கையில் எடுக்கவில்லை. அவள் ஒப்பித்திருந்தால் அன்றைக்கு நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒப்பிக்கட்டும் என்றுதான் என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"ட," என்றாள்.  அதற்குப் பிறகு உதடு மட்டும் அசைந்தது. எனக்குத் தெரியும், ஐந்து வரியும் அந்த உதட்டில் இருந்தன.

"மிச்சம் மங்கலா இருக்கு மேடம்," என்றாள்.

பதிவேட்டில் எழுதினேன். எழுதி முடிக்கிறவரை இருந்துவிட்டு, ஹால் டிக்கெட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா அவுக கம்பெனியில சொல்லி வச்சிருக்கு. மருந்து கலக்குற ரூம்ல ஆள் வேணுமாம்," என்றாள். "அங்கன சார்ட்டெல்லாம் மாட்ட மாட்டாக மேடம்."